கணக்கு டீச்சர் பதில்கள்: மீதியில் கால் பங்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைக் கணக்குகள். இவ்வளவுக்கு வாங்கினார், இவ்வளவு மிச்சம், முதலில் கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்கும் கணக்குகள். 31 ஆண்டுகள் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. பிள்ளைகள் அதிகம் அழுததும் இந்தப் பாடத்தில்தான். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே கொடுத்துவிட்டேன்.

வாசகர்கள் பல நாடுகளிலிருந்து எழுதுகிறீர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நாணயத்தின் பெயரை விட்டுவிட்டு, '60 பணம்', '80 பணம்' என்றே எழுதுகிறேன். பள்ளியில் எக்ஸ் போடும் இடத்தில் இங்கே தமிழ் எழுத்து வரும். இதில் புதுமை எதுவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியார் தெரியாத எண்களுக்கு 'யா', 'கா', 'நீ' என்று சொற்களின் முதலெழுத்துகளைத்தான் போட்டார்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. கணக்கு இது: 'ஒருவர் தன்னிடமிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் புத்தகம் வாங்கினார். மீதியில் கால் பங்குக்குப் பேனா வாங்கினார். இப்போது கையில் 60 பணம். முதலில் எவ்வளவு வைத்திருந்தார்?' அவள் போட்ட விடை 144. விடைகள் பக்கத்தில் 120. நான் மூன்று முறை சரிபார்த்தேன். கூட்டல், கழித்தல் எதிலும் பிழை இல்லை. புத்தகத்தில்தான் தப்பா? (ஒரு தந்தை)

பதில்: புத்தகத்திலும் தப்பில்லை, உங்கள் மகள் போட்ட கூட்டலிலும் தப்பில்லை. அவள் வேறொரு கணக்குக்குச் சரியான விடை கண்டுபிடித்திருக்கிறாள்.

அவள் செய்தது இப்படித்தான் இருக்கும்: மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினாள், 7/12 வந்தது. ஒன்றிலிருந்து கழித்தாள், 5/12. அந்த 5/12 பங்குதான் 60 என்றால் மொத்தம் 144. சரிபார்த்தும் இருப்பாள்: 144இல் மூன்றில் ஒன்று 48, கால் பங்கு 36, இரண்டும் போக 60. எல்லாம் முழு எண்ணாக, அழகாக வந்து நிற்கிறது. சந்தேகம் எப்படி வரும்? இந்தக் கணக்கை எழுதியவர் தெரிந்தே இரண்டு பக்கமும் முழு எண் வரும்படி அமைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நல்ல ஆசிரியர்.

இப்போது கணக்கை மறுபடி வாய்விட்டுப் படியுங்கள். 'பணத்தில் மூன்றில் ஒரு பங்கு.' 'மீதியில் கால் பங்கு.' மூன்றில் ஒன்று வெட்டப்பட்டது முழுப் பணத்திலிருந்து. கால் வெட்டப்பட்டது மிச்சத்திலிருந்து. இரண்டும் ஒரே முழுமையிலிருந்து வரவில்லை. அவற்றைக் கூட்டக்கூடாது. உங்கள் மகள் 'மீதியில்' என்ற சொல்லை 'மொத்தத்தில்' என்று படித்துவிட்டாள். எந்தப் பின்னத்தைப் பார்த்தாலும் அதற்கு முன்னால் '-இல்' என்று முடியும் சொல் எது என்று தேடச் சொல்லுங்கள். அந்தச் சொல்தான் அந்தப் பின்னத்துக்குச் சொந்தக்காரர். சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் ஒரு பின்னத்தையும் தொடக்கூடாது.

முதலில் எழுத்து, சமன்பாடு எதுவும் வேண்டாம். ஒரு காகிதப் பட்டையை எடுத்து மூன்று சம பாகமாக மடியுங்கள். ஒரு பாகம் புத்தகம், அதைக் கிழித்து வைத்துவிடுங்கள். கையில் இரண்டு பாகம். இந்த இரண்டில் கால் பங்கு எவ்வளவு? அரைப் பாகம். அதையும் கிழியுங்கள். மிச்சம் ஒன்றரைப் பாகம். ஒன்றரைப் பாகம் 60 என்றால் அரைப் பாகம் 20, ஒரு பாகம் 40, மூன்று பாகம் 120.

இனி எழுத்தில். மொத்தப் பணம் 'ம' என்று வைப்போம். புத்தகம் வாங்கியபின் மிச்சம் 2ம/3. இந்த வரியை அவள் தனியாக எழுதவேண்டும், பக்கத்தில் 'இதுதான் மீதி' என்று குறிக்கவேண்டும். இந்த மீதியில் கால் போனால் முக்கால் நிற்கும். 2ம/3 × 3/4 = ம/2. அது 60. ஆக ம = 120.

ஒரு பழக்கத்தைச் சொல்லித்தருகிறேன், இது வேலையைப் பாதியாகக் குறைக்கும். 'மூன்றில் ஒன்று செலவு' என்று படித்ததும் மனத்துக்குள் 'மூன்றில் இரண்டு மிச்சம்' என்று திருப்பிக்கொள்ளவேண்டும். 'மீதியில் கால் செலவு' என்றால் 'முக்கால் மிச்சம்.' மிச்சங்களைப் பெருக்கிக்கொண்டே போகலாம். நான்கு கடை, ஐந்து கடை வந்தாலும் பயமில்லை.

9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியார் இந்த இரண்டையும் இரண்டு தனி வகைகளாகவே பிரித்துவைத்தார். மொத்தத்தில் பங்கு எடுக்கும் கணக்கு 'பாகம்', மீதியில் பங்கு எடுக்கும் கணக்கு 'சேஷம்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனிப் பெயர் வைத்துப் பிரிக்கவேண்டி இருந்திருக்கிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், 144 போட்டதற்கு அவள் வெட்கப்படவேண்டாம்.

கேள்வி: டீச்சர், நான் எட்டாம் வகுப்பு. ஒருவர் மூன்று கடைக்குப் போகிறார். ஒவ்வொரு கடையிலும் கையிலிருப்பதில் பாதியும் அதற்கு மேல் 3 பணமும் செலவு செய்கிறார். கடைசியில் 5 மிச்சம். நான் பின்னாலிருந்து போட்டு 82 என்று கண்டுபிடித்தேன். விடை சரி. ஆனால் எக்ஸ் வைத்துச் செய்யவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். விடை வந்துவிட்டதே, எக்ஸ் எதற்கு?

பதில்: தம்பி, உன் கடிதம் என்னை ஒரு நாள் முழுக்கப் பேசவிடாமல் செய்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இதே மாதிரி ஒரு கணக்குக்கு ஒரு மாணவி மூன்று எண்களை மட்டும் கீழிருந்து மேலாக எழுதிவைத்திருந்தாள். 'வழிமுறை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிச் சுழியம் போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மூன்று எண்களும் வழிமுறைதான் என்று எனக்குப் புரிந்தது. அவளைத் தேடி மன்னிப்புக் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. உனக்காவது சொல்கிறேன்: நீ செய்தது முழுமையான, நேர்மையான கணிதம்.

மற்ற வாசகர்களுக்காக: கடைசியில் 5. அதற்கு முன் 3 கொடுத்தார், 8. அதற்கு முன் பாதியானது, ஆகவே 16. மறுபடி 3 சேர்த்து இரட்டித்தால் 38. இன்னொரு முறை, 82. ஒவ்வொரு செயலையும் தலைகீழாக அவிழ்த்துக்கொண்டே வருகிறோம், கட்டிய முடிச்சைக் கடைசி முடிச்சிலிருந்து அவிழ்ப்பது மாதிரி.

ஆனால் உன் வழி எங்கே நின்றுவிடும் என்றும் பார். இந்தக் கணக்கைப் போடு: அக்காவிடம் ஒரு பையின் விலையில் முக்கால் பங்கு பணம் இருக்கிறது. தம்பியிடம் அதே விலையில் மூன்றில் இரண்டு பங்கு. இருவரும் சேர்ந்து பையை வாங்கினார்கள். 50 பணம் மிஞ்சியது. பையின் விலை என்ன?

50இலிருந்து பின்னால் போகப் பார். ஓரடிகூட வைக்கமுடியாது. 50க்கு முன்னால் செலவானது பையின் விலை, அதுதான் நமக்குத் தெரியாது. தெரியாத ஒரே எண் அக்கா பணத்திலும் ஒளிந்திருக்கிறது, தம்பி பணத்திலும் ஒளிந்திருக்கிறது, செலவிலும் ஒளிந்திருக்கிறது. அவிழ்க்க ஒரு நுனி கிடைக்காது. இந்த இடத்தில்தான் எழுத்து தேவைப்படுகிறது. விலையை 'வி' என்று வைத்தால், தெரியாத எண்ணைத் தெரிந்த எண்ணைப் போலவே கையில் எடுத்துக் கூட்டலாம், கழிக்கலாம்:

3வி/4 + 2வி/3 − வி = 50

12ஆல் பெருக்கினால் 9வி + 8வி − 12வி = 600. 5வி = 600. வி = 120. அக்காவிடம் 90, தம்பியிடம் 80, சேர்த்து 170, பை 120, மிச்சம் 50.

கவனித்தாயா, இங்கே முக்காலையும் மூன்றில் இரண்டையும் தயங்காமல் கூட்டினோம். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, பையின் விலை. முந்தைய கேள்வியில் கூட்டக்கூடாது என்றேன், இங்கே கூட்டுகிறேன். ஏன் என்று உனக்குப் புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தின் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டாய்.

எழுத்து வைக்காமலேயே இதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பையின் விலை 12 என்று சும்மா வைத்துக்கொள். அக்காவிடம் 9, தம்பியிடம் 8, மிச்சம் 5. நமக்கு வேண்டியது 50, அதாவது பத்து மடங்கு. ஆகவே விலையும் பத்து மடங்கு, 120. முடிந்தது.

இந்த வழிக்கு வயது 3,500 ஆண்டுகளுக்கு மேல். எகிப்தில் அகமெஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில் படியெடுத்த ஒரு பாப்பிரஸ் சுருள் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'ரைண்ட் பாப்பிரஸ்' என்பார்கள். அதில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? 7 என்று வைத்துப் பார்க்கிறார், 8 வருகிறது. 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வரும் என்று கண்டு, 7ஐயும் அத்தனை மடங்காக்குகிறார். அவர் எழுதிய விடை: 16, அதோடு அரை, அதோடு எட்டில் ஒன்று. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எட்டில் ஒன்றுக்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். அகமெஸின் விடையை ஒரு சொல்கூட மாற்றாமல் நம் மொழியில் சொல்லலாம்: பதினாறே அரையே அரைக்கால்.

ஆனால் இந்த ஊகவழியை உன்னுடைய மூன்று கடைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் பொய்த்துப்போகும். அங்கே பாதியோடு ஒட்டாமல் ஒரு தனி '3' இருக்கிறது. கையிலிருப்பது இரட்டிப்பானால் அந்த 3 இரட்டிப்பாகாது. ஒரு வழி இங்கே உதவும், இன்னொன்று அங்கே உதவும். எழுத்து வைக்கும் வழி இரண்டு இடத்திலும் உதவும். உன் ஆசிரியர் அதைப் பழகச் சொல்வது அதற்காகத்தான். இரண்டு வழியிலும் போட்டுக் கொண்டுபோய்க் காட்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'பின்னம்' என்றால் உடைந்தது. சிலை பின்னப்பட்டுவிட்டது என்கிறோமே, அதே சொல். 'அல்ஜீப்ரா' வந்தது 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள சொல் அது. அதற்குப் பொருள், குறைபட்டதை மீண்டும் நிறைவாக்குவது. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல்தான். பின்னத்தையும் இயற்கணிதத்தையும் ஒரே பாடத்தில் வைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: 'ஒரு நோட்டின் விலை, பேனாவின் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. இரண்டும் சேர்ந்து 33 பணம்.' நான் பேனா 21, நோட்டு 12 என்று எழுதினேன். கூட்டினால் 33 வருகிறது. ஆனாலும் தப்பு என்கிறார்கள்.

பதில்: நீ எழுதிய சமன்பாட்டை என்னால் ஊகிக்கமுடிகிறது: பே = 1¾ நோ. 'நோட்டு... ஒன்றே முக்கால்' என்று கண்ணில் பட்டதும் ஒன்றே முக்காலை நோட்டோடு ஒட்டிவிட்டாய். மிகவும் பரவலான பிழை. பெரியவர்களும் செய்வார்கள்.

'பே' என்றால் பேனா என்று நீ நினைத்திருக்கிறாய். எழுத்து பொருளைக் குறிக்காது, எண்ணைக் குறிக்கும். கணக்குத் தொடங்கும் முன் ஒரு வரி முழுதாக எழுது: 'பே = ஒரு பேனாவின் விலை, பணத்தில்.' எழுதிவிட்டு உன்னையே கேள்: எது விலை அதிகம்? நோட்டு. அப்படியானால் சின்ன எண்ணைத்தான் ஒன்றே முக்காலால் பெருக்கவேண்டும். நோ = 1¾ பே. இரண்டும் சேர்ந்து 2¾ பே, அதாவது 11பே/4 = 33. பே = 12, நோட்டு 21.

சரிபார்க்கும்போது கணக்கில் உள்ள எல்லா வாக்கியங்களிலும் வைத்துப் பார்க்கவேண்டும். நீ கடைசி வாக்கியத்தில் மட்டும் வைத்துப் பார்த்தாய், அது சரி என்று சொல்லிவிட்டது. முதல் வாக்கியம் உன் விடையை ஏற்றிருக்காது.

வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஒன்றே முக்கால் மடங்கு' என்று எழுதுங்கள், அல்லது 'முக்கால் பங்கு அதிகம்' என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றுதான். 'ஒன்றே முக்கால் மடங்கு அதிகம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை இரண்டே முக்கால் மடங்கு என்று படிக்கும் பிள்ளையும் சரியாகத்தான் படிக்கிறது.

கேள்வி: 80 பணத்துக்கு எத்தனை பேனா வாங்கலாம் என்ற கணக்கில் எனக்கு ஆறே மூன்றில் இரண்டு பேனா என்று வந்தது. (ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: பேனாவின் விலை 12 என்று இருந்திருக்கும். வகுத்தல் சரி. ஆனால் பேனாவை வெட்டி விற்கமாட்டார்கள் கண்ணம்மா. ஆறு பேனா, 8 பணம் மிச்சம். நீளம், எடை, விலை ஆகியவை பின்னமாக வரலாம். எண்ணிக்கை பின்னமாக வந்தால் நின்று கணக்கை மறுபடி படி.

கேள்வி: வியாபாரம் செய்கிறேன். ஒரு பொருளின் விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தேன். பிறகு ஐந்தில் ஒரு பங்கு ஏற்றினேன். பழைய விலை வரவில்லையே, ஏன்?

பதில்: 100 என்று வைத்துப் பாருங்கள். குறைத்தது 100இல் ஐந்தில் ஒன்று, 20. விலை 80. ஏற்றியது 80இல் ஐந்தில் ஒன்று, 16. விலை 96. பின்னம் அதே பின்னம், ஆனால் அதன் சொந்தக்காரர் மாறிவிட்டார், அவர் இப்போது சிறியவர்.

பழைய விலைக்குத் திரும்ப அதே 20ஐ ஏற்றவேண்டும். அது 80இல் கால் பங்கு. எப்போதும் இப்படித்தான்: ஐந்தில் ஒன்று குறைத்தால் நான்கில் ஒன்று ஏற்றவேண்டும், நான்கில் ஒன்று குறைத்தால் மூன்றில் ஒன்று, பாதி குறைத்தால் இருப்பது முழுவதையும் இன்னொரு முறை. விற்பனையில் இருப்பவர்கள் இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: டீச்சர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே பின்னம் என்றால் பயம். என் பையனுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணக்குத் தெரியாத நான் அவனோடு உட்கார்ந்து என்ன செய்யமுடியும்? (ஒரு தாய்)

பதில்: நிறையச் செய்யலாம் அம்மா. ஒரு வகையில், கணக்கு தெரிந்தவரைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். தெரிந்தவர்கள் பொறுமையிழந்து பென்சிலைப் பிடுங்கிவிடுவார்கள். நானும் என் பிள்ளைகளிடம் அப்படிச் செய்திருக்கிறேன்.

ஒரு துண்டுக் காகிதத்தால் கணக்கில் உள்ள எண்களையெல்லாம் மறைத்துவிடுங்கள். பிறகு அவனைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். 'ஒருத்தர்கிட்ட கொஞ்சம் பணம் இருந்துச்சு, அதுல ஒரு பங்குக்கு அகராதி வாங்கினார், மிச்சத்துல ஒரு பங்குக்கு...' என்று அவன் வாயால் வரவேண்டும். எண் கண்ணில் பட்டால் பிள்ளைகள் உடனே கூட்டவோ பெருக்கவோ தொடங்கிவிடுவார்கள். எண் இல்லாவிட்டால் படித்தே ஆகவேண்டும்.

கதை முடிந்ததும் காகிதத்தை எடுங்கள். ஒவ்வொரு பின்னத்தையும் தொட்டு 'எதில்?' என்று மட்டும் கேளுங்கள். 'மூன்றில் ஒரு பங்கு.' எதில்? 'பாதி.' எதில்? விடை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. அவன் தடுமாறினால் காத்திருங்கள். அவன் பட்டை வரைந்து பிரிக்கட்டும், அழித்து மறுபடி வரையட்டும்.

இன்று மாலை இதைக் கொடுத்துப் பாருங்கள்: 'ஒருவர் தன் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அகராதி வாங்கினார். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு வரைபடத் தாள்கள் வாங்கினார். அதன் பிறகும் மிஞ்சியதில் பாதியைத் தங்கையிடம் கொடுத்தார். கையில் 18 பணம் இருந்தது. முதலில் எவ்வளவு?' எல்லாப் பின்னத்தையும் அவன் மொத்தத்திலிருந்தே எடுத்தால், செலவு கையிலிருந்த பணத்தையே தாண்டிவிடும். அதை அவனே பார்த்துத் திடுக்கிடட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், விடை 90. இந்தப் பக்கத்தை அவன் போட்டு முடிக்கும்வரை மடித்து வைத்துவிடுங்கள்.